கச்சான் காலத்தில் அரை மரதனுக்குப் பயிற்சி எடுக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வயது 36, திருகோணமலை நகரத்தில் கதிரையில் இருந்து பார்க்கிற வேலை, 5 கிலோமீற்றர் ஓட 38 நிமிடம், பத்தாவது நிமிடத்திலேயே மூச்சு இளைக்கிறது. கூட்டாளிமார் ஒக்டோபரில் கொழும்பில் நடக்கிற அரை மரதனுக்கு உங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மே மாதம். இணையத்தில் கிடைக்கிற திட்டமெல்லாம் குளிர்நாட்டுக்காரர் எழுதியது, சூடான கச்சான் காற்று வீசுகிற ஊரில் இருப்பவனுக்கு எது சரிவரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் அட்டவணை கேட்டதுபோல இருக்கிறது. ஆனால் கடைசி வரியில் 'பாதி வழியில் விழுந்து எல்லாரும் சிரிக்கிற நிலை வருமா' என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான். உடம்பில் வேறு கோளாறு இல்லையென்றால் வராது. இருபது கிழமை போதும். ஆனால் இப்போது ஓடுகிற விதத்திலேயே ஓடினால் வரும்.

நான் 28 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வைத்தியன் அல்ல. பிள்ளைகளுக்கும் பிறகு பெரியவர்களுக்கும் ஓடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், 41 வயதில் நானும் ஓடத் தொடங்கினேன். யுத்த காலத்தில் விடியமுன் இருட்டில் வீதியில் ஓடுவதை இங்கே யாரும் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். மைதானத்தைச் சுற்றிச் சுற்றித்தான் ஓட்டம். அதனால் என்னுடைய அனுபவத்தில் பாதி மைதானத்து அனுபவம், வீதி அனுபவம் 2009க்குப் பிறகு வந்தது. அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம் ஊரில் வீதியில் ஓடினாலே அது மரதன்தான். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் பள்ளிக்கூடங்கள் நடத்துகிற நாலைந்து கிலோமீற்றர் ஓட்டமும் மரதன், 42.195 கிலோமீற்றரும் மரதன். இந்தக் குழப்பத்தில் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூட மரதனில் விசில் ஊதியதும் நூறு மீற்றர் ஓட்டம்போலப் பாய்வார்கள், முதல் சந்தி தாண்டுமுன் பாதிப்பேர் இடுப்பில் கைவைத்து நடப்பார்கள். அதைப் பார்த்து 'விடாதே, ஓடு' என்று கத்திய ஆசிரியர்களில் நானும் ஒருவன். நீங்களும் அப்படித்தான் ஓடக் கற்றிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பத்தாவது நிமிடத்தில் மூச்சு வாங்குவதற்கு நெஞ்சாங்கூடு பலவீனமாக இருக்கத் தேவையில்லை. புறப்பட்ட வேகம் கூட என்பதே போதுமான காரணம். இப்போது அரை மரதன் என்றால் 21.1 கிலோமீற்றர். பள்ளிக்கூட மரதனின் நாலைந்து மடங்கு.

ஆகவே மெதுவாக ஓடப் பழகுவதுதான் உங்களுடைய முதல் எட்டுக் கிழமைப் பயிற்சி. எவ்வளவு மெதுவாக? ஓடிக்கொண்டே போனில் வீட்டுக்காரியோடு முழு வசனத்தில் வாக்குவாதம் பண்ண முடிய வேண்டும். ஒற்றைச் சொல்லில் 'ம்', 'சரி' என்று மட்டும்தான் வருகிறதென்றால் வேகம் கூட. அந்த அளவு மெதுவாக ஓட முடியவில்லை, கால் தானாகவே வேகமாகப் போகிறது என்றால் நாலு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடங்கள், அப்படியே அரை மணி. நடப்பது தோல்வி என்று எங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, 1970களிலிருந்து புதியவர்களுக்கு நடை கலந்த ஓட்டத்தைத்தான் கற்றுக்கொடுத்தார். எத்தனையோ பேர் அந்த முறையில் முழு மரதனே முடித்திருக்கிறார்கள். மெதுவான ஓட்டத்திலேயே இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் இரத்தம் கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரிக்கிற திறன் வளர்கிறது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. வேகப் பயிற்சியும் உதவும்தான், ஆனால் முதல் போட்டிக்கு அது கட்டாயமில்லை. காயம் வருகிற வாய்ப்பு அதில்தான் கூட.

ஓடத் தொடங்குமுன் ஒரு காரியம். 36 வயது இளமைதான், ஆனால் தென்னாசியர்களுக்கு மாரடைப்பு முந்தி வருகிறது. 2004இல் வெளியான, 52 நாடுகளை உள்ளடக்கிய ஒரு பெரிய ஆய்வில் தென்னாசியாவில் முதல் மாரடைப்பின் நடுத்தர வயது 53 என்று வந்தது. மற்ற நாடுகளில் கிட்டத்தட்ட 59. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் நெஞ்சுவலி வந்திருந்தால், ஓடும்போது நெஞ்சு இறுகினால், தலை சுற்றி மயக்கம் வந்தால், இந்தப் பதிலை மூடிவிட்டு வைத்தியரிடம் போங்கள். ஒன்றுமில்லை என்றாலும் இரத்த அழுத்தம், சீனி, கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற இரத்தச் சோதனை) மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கிரியற்றினினை ஏன் சொல்கிறேன் என்றால், காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பக்கத்து வடமத்திய மாகாணத்தில் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். வெய்யிலில் நீண்ட நேரம் ஓடுவது சிறுநீரகத்துக்கும் ஒரு சுமை.

இனிக் கச்சான். (கடலையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன்.) தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடுகிறது. உங்கள் பயிற்சிக்காலம் முழுக்க, மே முதல் செப்டெம்பர் வரை, அதனோடுதான் சீவியம். குளிர்நாட்டு அட்டவணை 'இந்த வேகத்தில் ஓடு' என்று சொல்கிறது. சூட்டில் அது பொருந்தாது. உடம்பைக் குளிராக்க இரத்தம் தோலுக்குப் போகிறது, தசைக்கு எஞ்சுவது குறைகிறது, இதயம் ஈடுகட்ட வேகமாக அடிக்கிறது. ஜனவரியில் இலகுவாக ஓடிய அதே வேகம் ஜூலையில் உங்களைக் கொன்றுபோடும். மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். பத்திலிருந்து பதினாலு நாள் சூட்டில் தொடர்ந்து மிதமாக ஓடினால் உடம்பு பழகும். வியர்வை முந்தியே தொடங்கும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். அந்த இரண்டு கிழமையும் பல்லைக் கடிக்காமல் பொறுமையாகப் போனால் சரி.

கச்சானில் ஒரு ஏமாற்று இருக்கிறது. காற்று காய்ந்திருப்பதால் வியர்வை வந்த கையோடு ஆவியாகிவிடும். 'பெரிதாக வியர்க்கவில்லை' என்று நினைப்பீர்கள். வீட்டுக்கு வந்து கறுப்பு பெனியனைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. கொழும்பில் இதற்கு நேர்மாறு. ஒக்டோபரில் விடியற்காலையிலேயே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை ஆவியாகாமல் சொட்டும், சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிராக்காது. திருகோணமலையில் பழகியவர்கள் கொழும்பில் 'சூடே இல்லை' என்று வேகமாகத் தொடங்கிப் பத்தாவது கிலோமீற்றரில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நானும் மாட்டியிருக்கிறேன். பயிற்சியில் பழகிய சூடு கொழும்பிலும் ஓரளவு கைகொடுக்கும், ஆனால் முழுதாக அல்ல.

நேரம்: காலை ஐந்துக்குப் புறப்பட்டு ஏழுக்குள் முடிப்பது. நம் கரையில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே நேரே கடலுக்குள்ளிருந்து எழும்பி முகத்தில் அடிக்கும், மேற்குக் கரைக்காரருக்குக் கிடைக்கிற நிழல் எங்களுக்கு இல்லை. இடம்: கிழமை நாட்களில் டச்சு பே கடற்கரை வீதியும் உட்துறைமுக வீதியும் போதும். கடற்கரை மணலில் நெடுந்தூரம் ஓட வேண்டாம். பார்க்க அழகு, குதிநரம்புக்குக் கேடு. ஏற்றம் வேண்டுமென்றால் பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரைக்கும் உள்ள பாதை. வாகனங்கள் வருமுன் போனால் புள்ளிமான்கள்தான் கூட்டம், அவை வழிவிடும், அவசரப்படாமல். ஏறும்போது சின்ன அடி, இறங்கும்போது இன்னும் சின்ன அடி. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு நிலாவெளி வீதி. போர் வீரர் மயானத்தைத் தாண்டிப் போய்த் திரும்பினால் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் கிடைக்கும், பிறகு தூரம் கூடக் கூடச் சாம்பல்தீவுப் பக்கம், நிலாவெளி என்று நீட்டிக்கொள்ளலாம். வாகனங்கள் உங்களுக்கு எதிரே வருகிற பக்கமாக, வெளிர்நிறச் சட்டையோடு ஓடுங்கள். விடியற்காலைப் பஸ்காரர் உங்களை எதிர்பார்ப்பதில்லை. நாய் துரத்தினால் ஓட வேண்டாம், நின்று நடக்கத் தொடங்குங்கள், பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும். கடித்துவிட்டால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிண்ணியாப் பக்கம் இருந்தால் பாலத்தைச் சொல்லியிருப்பேன். 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர், ஒருமுறை போய்த் திரும்பினால் 800க்குச் சற்றுக் குறைவு, மேடு பள்ளம் கிடையாது. பாதையில் (மிதவைப் படகில்) ஏறி அக்கரை போன காலத்து ஆட்களுக்கு அதில் ஓடுவது தனிச் சந்தோஷம்.

அட்டவணை கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கிழமைக்கு நாலு நாள், அதற்கு மேல் வேண்டாம். அதில் மூன்று நாள் அரை மணியில் தொடங்கி மெல்ல மெல்ல ஐம்பது நிமிடம் வரைக்கும். நாலாவது நாள் நீண்ட ஓட்டம். முதல் ஞாயிறு 6 கிலோமீற்றர், பிறகு 7, 8, நாலாவது ஞாயிறு திரும்பவும் 6க்கு இறங்குங்கள். அடுத்த நாலு கிழமை 9, 10, 11, 8. அதற்கடுத்து 12, 13, 14, 10. பிறகு 15, 16, 17, 12. பதினேழாவது கிழமை 18. அதுதான் உச்சம், 21ஐ முன்கூட்டியே ஓடிப் பார்க்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு 12, 8, அடுத்தது கொழும்பு. கடைசி இரண்டு கிழமையும் ஓட்டத்தைக் குறைப்பதுதான் எல்லாரும் தவறுகிற இடம். 'பயிற்சி காணாது' என்ற பயத்தில் கூட்டி ஓடி, களைத்த காலோடு போய் நிற்பார்கள். ஒரு கிழமை காய்ச்சலில் போனாலும் விட்டதைப் பிடிக்க ஓட வேண்டாம், விட்டது விட்டதுதான்.

இந்தக் கணக்கு வேதவாக்கு அல்ல. 'கிழமைக்குப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டாதே' என்று ஒரு விதி எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது, நானும் வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். 2008இல் நெதர்லாந்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். பத்து வீத விதியில் மெல்லக் கூட்டியவர்களுக்கும் அதைவிட வேகமாகக் கூட்டியவர்களுக்கும் காயம் வந்த அளவு ஏறத்தாழ ஒன்றே, ஐந்தில் ஒருவருக்கு. ஆகவே அது விதியல்ல, புத்திமதி. ஓடுமுன் நின்றபடி கால் நரம்பை இழுத்துப் பிடிப்பதும் அப்படித்தான், காயத்தைத் தடுப்பதற்கு வலுவான சான்று இல்லை. ஐந்து நிமிடம் வேக நடையே போதும். சப்பாத்து விடயத்தில் கடைக்காரர் பாதத்தின் வளைவை அளந்து சொல்கிற வகைப்பிரிப்பை நம்பிப் பெரிய காசு போடாதீர்கள். போட்டதும் சுகமாக இருக்கிறதா, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா, அவ்வளவுதான். சூட்டில் பாதம் வீங்கும், அதனால் பின்னேரத்தில் போய் வாங்குங்கள்.

தண்ணீர் விடயத்தில் நான் ஒரு பாவம் கழுவ வேண்டியிருக்கிறது. 'ஓடும்போது தண்ணீர் குடிக்காதே, வயிறு பிடிக்கும்' என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். எனக்கு என் ஆசிரியர் சொன்னது. இந்த நம்பிக்கை பழசு. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மரதனைக் கொளுத்துகிற வெய்யிலில் பின்னேரம் நடத்தினார்கள், தண்ணீரை வேண்டுமென்றே குறைத்தார்கள். 32 பேர் புறப்பட்டு 14 பேர்தான் முடித்தார்கள், முதலாவதாக வந்தவருக்கே ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலம். என்னிடம் படித்த ஒரு பையன் மயங்கி விழுந்த நாளில்தான் நான் அந்தப் புத்திமதியை விட்டேன். ஆனால் மறுபக்கத்திலும் ஆபத்து இருக்கிறது. அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 வீதமானவர்களுக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்களும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தவர்களும்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். மெதுவாக ஓடுகிறவர்கள் நிலையத்துக்கு நிலையம் நின்று குடிப்பார்கள், அதுதான் காரணம்.

அளவை எப்படி அறிவது? ஒரு ஞாயிறு ஓடுமுன் உடுப்பில்லாமல் எடை பாருங்கள், ஓடி வந்து துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் போயிருக்கிறது, இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். முழுவதையும் ஓடும்போதே நிரப்ப வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்து, எடை ஏறாமல் பார்த்தால் போதும். ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் காணாது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற தூள்) பைக்கற்றைச் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோங்கள், மலிவு, உப்பும் சீனியும் அளவாக இருக்கிறது. இளநீரைக் கும்பிடுகிறவர்கள் கோபிக்க வேண்டாம். அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஓடி முடித்துக் குடியுங்கள், கூட ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். ஓடும்போது சாப்பிடுவதற்கு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. நான் இரண்டு மூன்று பேரீச்சம்பழமும் பிறகு கப்பல் வாழைப்பழமும் சாப்பிடுவேன். வெளிநாட்டு ஜெல் வயிற்றைக் கலக்கிவிட்ட கதை என்னிடம் இருக்கிறது, எழுத வேண்டாம். எதுவாக இருந்தாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காததைப் போட்டியன்று வாயில் வைக்காதீர்கள்.

வலியைப் பற்றி. ஓடிய மறுநாள் தொடை முழுவதும் கனத்து நோவது வழமை. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், எலும்பின் மேல், நடக்கும்போதும் நோகிறதென்றால் அது வேறு. எலும்பில் நுண்வெடிப்பாக இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திக் காட்டுங்கள். இடையில் இருக்கிற நூற்றெட்டு வலிகளை எழுத்தில் வைத்துப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. இயன்மருத்துவர் ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் உறுதி: வலிமாத்திரை விழுங்கிவிட்டு ஓட வேண்டாம். ஐபுப்ரோபன் வகை மாத்திரைகளும் நீர்வற்றிய உடம்பும் சேர்ந்தால் சிறுநீரகத்தைத் தாக்கும். கூட ஓடுகிறவர் தடுமாறி, பேச்சுக் குழம்பினால் அது களைப்பல்ல, வெப்ப அதிர்ச்சி. வாகனம் தேடுமுன் தண்ணீரை ஊற்றி, ஐஸ் கிடைத்தால் அதையும் வைத்துக் குளிராக்குங்கள். குளிராக்குவது முதல், கொண்டுபோவது பிறகு.

போட்டி நாள். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அறிய 5 கிலோமீற்றர் நேரத்தை 4.6ஆல் பெருக்குங்கள். இன்றைய 38 நிமிடத்துக்கு 175 நிமிடம் வருகிறது. பயிற்சியால் அது குறையும், கொழும்பின் ஈரம் கொஞ்சம் கூட்டும், மூன்று மணித்தியாலம் என்று மனதில் வைத்துப் போங்கள். முடிக்க எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்பதைப் பெயர்ப்பதிவுத் தாளில் இப்போதே பாருங்கள். முதல் நாள் இரவுப் பஸ்ஸில் போய் இறங்கி ஓடாதீர்கள், நான் செய்திருக்கிறேன், அதுவும் முழு மரதனுக்கு. 31ஆவது கிலோமீற்றரில் வீதி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் நிலையத்தில் தண்ணீர் முடிந்திருந்தது என்பது ஒரு சாட்டு. உண்மையில் முதல் பத்துக் கிலோமீற்றரைப் பயிற்சியில் ஓடியதைவிட வேகமாக ஓடியிருந்தேன், பிள்ளைகளைக் கத்தி ஓடவைத்த அதே பிழை. நீங்கள் முதல் ஏழு கிலோமீற்றரையும் 'இது மிச்சம் மெதுவாக இருக்கிறதே' என்று வெட்கப்படுகிற வேகத்தில் ஓடுங்கள். கிழவர்கள் தாண்டிப் போவார்கள், போகட்டும். பதினைந்தில் அவர்களில் சிலரை மறுபடி சந்திப்பீர்கள்.

முடித்ததும் உடனே குந்த வேண்டாம், பத்து நிமிடம் நடவுங்கள். உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள். திரும்பி வருகிற பஸ் ஹபரணையில் தேநீருக்கு நிறுத்தும்போது கட்டாயம் இறங்கிக் காலை நீட்டுங்கள், இல்லாவிட்டால் திருகோணமலை பஸ் நிலையத்தில் உங்களைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். மறுநாள் அலுவலகம் மேல்மாடியில் என்றால், தம்பி, படியிறங்கும்போது கைபிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குங்கள். தொடைக்கு அதுதான் சுகம்.